நிக்குதே, அப்புறம் என்ன?

போன மாசம் காஜியாபாத்தில் நம்மூர்க்காரர் ஒருத்தர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சென்ட்ரல் கவர்ன்மெண்ட் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். தரைத்தளம், மேலே ஒரு மாடி. தூண் கிடையாது, 9 இஞ்ச் செங்கல் சுவர்தான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. பையனுக்குக் கல்யாணம், இன்னொரு மாடி எடுக்கணும். "சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போ தம்பி" என்றார்.

பைப் மாற்றப் பூச்சை உடைத்திருந்த இடத்தில் எட்டிப் பார்த்தால் உள்ளே எல்லாம் மஞ்சள் கல். இந்தப் பக்கம் நன்றாக வெந்த கல்லை 'அவ்வல்' என்பார்கள், வேகாததை 'பீலா'. ஆணியால் கீறினேன், மாவாகக் கொட்டியது.

வீட்டைக் கட்டிய டேக்கேதாரும் (நம்மூர் காண்டிராக்டர்தான்) அங்கேயே இருந்தார். "பதினைஞ்சு வருஷமா நிக்குதே சாப்! கலவையில சிமெண்ட் வேற தாராளமா போட்டிருக்கேன்."

ஜன்னல்களுக்குக் கீழே, பாரம் அதிகம் இல்லாத இடங்களில், ஐந்து கல்லை முழுசாக எடுத்து லேபுக்கு அனுப்பினோம். எஸ்டிமேட்டில் எழுதியிருந்தது 7.5 ரகம். வந்த சராசரி 4 நியூட்டனுக்கும் கீழே, அதாவது 3.5 ரகம்.

இனி கணக்கு. ஐ.எஸ். 1905 அட்டவணைப்படி 1:6 கலவையில் 7.5 ரகக் கல்லுக்கு சதுர மில்லிமீட்டருக்கு 0.59 நியூட்டன் அனுமதி. 3.5 ரகத்துக்கு 0.35. கலவையை இன்னும் வலுவாக்கினாலும் அதே 0.35தான்! பாரம் ஏறும்போது பிளப்பது கல். சாந்தில் எத்தனை மூட்டை சிமெண்ட் கொட்டினாலும் அது கல்லை வேகவைக்காது :-)

சுவரின் உயரத்துக்குக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 0.31. இந்த வீட்டில் ஒரு தளத்துக்குக் கீழ்ச்சுவரில் ஏறுவது சுமார் 0.13. இரண்டு தளம் 0.26, தப்பித்தது. மூன்றாவது வந்தால் 0.39. எழுதின கல்லையே போட்டிருந்தால் 0.52 வரை தாங்கியிருக்கும், தாராளமாகக் கட்டலாம்.

"கோட்ல நாலு மடங்கு சேஃப்டி இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது கோணல் சுவருக்கும், ஓதம் ஏறுவதற்கும், நாளைக்கு வரப்போகும் நிலநடுக்கத்துக்கும் வைத்த சேமிப்பு. சூளைக்காரர் மிச்சம் பிடித்த விறகுக்காசை ஈடுகட்ட வைத்தது இல்லை.

நிற்பது ஒரு டெஸ்ட்டே இல்லை என்பது என் கட்சி. 2010 நவம்பரில் டெல்லி லக்ஷ்மி நகரில், லலிதா பார்க்கில் ஒரு கட்டிடம் விழுந்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். அன்று சாயங்காலம் வரை அதுவும் நின்றுகொண்டுதான் இருந்தது.

"மாடி வேண்டாம் சார், இல்லையென்றால் முதலில் கீழ்ச்சுவருக்கு இருபக்கமும் கம்பி வலை கட்டி ஜாக்கெட்டிங் செய்யணும்" என்றேன். செலவைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. டீ கொடுத்தார், அதிகம் பேசவில்லை. கல்யாண வீட்டில் இப்படிச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

தப்பான கல்லைச் செலவில்லாமல் திருப்பி அனுப்ப முடிவது லாரி வந்து நிற்கும் அன்றைக்கு மட்டும்தான். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டுங்கள், கணீரென்று கேட்கணும். எடை போட்டு ஒருநாள் தண்ணீரில் ஊறவையுங்கள், எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. அதற்கப்புறம் பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும்.

டிஸ்கி: இந்த எண்களை அப்படியே உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், அவர் சொல்வது பிடிக்காவிட்டாலும் டீ கொடுங்கள்.