கடல்மேல் நிற்கும் அடுப்புப் புகை

காற்று மாசு என்றதும் டெல்லியும் லாரிப் புகையும்தான் கண்முன் வருகின்றன. இந்தியப் பெருங்கடலின் மேல் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் படரும் பழுப்புப் படலத்தில் விறகும் வறட்டியும் வைக்கோலும் எரிந்த புகை எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு.

1999இல் இந்தப் படலத்தை ஆராய ஒரு பன்னாட்டுக் குழு மாலத்தீவுக்கு வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் அதை முன்னின்று நடத்தினார்கள். விமானங்களும் கப்பல்களும் கொண்டு அளந்தபோது, படலம் சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை இருந்தது. கடல்பரப்புக்கு வரும் வெயிலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அது தடுத்தது.

யாருடைய புகை அது? விடை கிடைக்கப் பத்தாண்டு ஆனது. நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையவை. அவற்றில் கார்பன்-14 மிஞ்சியிருக்காது. நேற்று வெட்டிய விறகில் இருக்கும். மாலத்தீவிலும் புனே அருகே சிங்ககட் மலையிலும் பிடித்த துகள்களை இப்படிச் சோதித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. கரித்துகளில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை தாவரங்களை எரித்ததால் வந்தது என்றது அது.

பொதுவாக நடுக்கடல் காற்றில் துகள்கள் குறைவு. அலை தெறிக்கும் உப்புதான் முக்கியம். அங்கே புகை புகுந்தால் மேகத்தின் ஈரம் எண்ணற்ற துகள்களில் பங்கிடப்பட்டு, துளிகள் சிறுக்கின்றன. சிறிய துளி எளிதில் மழையாக விழாது. கரித்துகளோ வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. கீழே வெயில் தடைபடுவதால் கடல் ஆவியாவது குறைந்து பருவமழையே நலியக்கூடும் என்று ராமநாதன் எச்சரித்துவருகிறார்.

ஆனால் 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களைத்தான் குறிவைக்கிறது. இது போதாது. புகை புறப்படும் கிராமத்திலும் அது போய்ச் சேரும் கடலிலும் அளவீடு வேண்டும். 2016இல் வந்த உஜ்வாலா திட்டம் ஏழை வீடுகளுக்குச் சமையல் எரிவாயு இணைப்பைக் கொடுத்தது. ஆனால் அடுத்த சிலிண்டர் வாங்கக் காசில்லாத வீட்டில் விறகடுப்பு மீண்டும் எரிகிறது. அந்த அடுப்பின் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும்.

கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் தங்கும். கரித்துகள் சில நாள், மிஞ்சினால் ஓரிரு வாரம். எரிப்பதை நிறுத்தினால் பலன் உடனே தெரியும். ஏழை வீடுகளுக்கு மறுநிரப்புச் சிலிண்டரின் விலையை அரசு குறைக்கட்டும். வைக்கோலையும் கரும்புத் தோகையையும் கொளுத்தாமல் விற்க விவசாயிக்கு வழி செய்யட்டும்.