காற்றுக்குச் சாதி இல்லையாம்!

"காத்துக்கு ஏதுங்க சாதி?" என்று கேட்டார் ஒரு பேராசிரியர். சுற்றுச்சூழல் கருத்தரங்கு, டீ இடைவேளை. நான் சொன்னேன்: "எங்க ஊர்ல சேரி கிழக்கால இருக்கு சார். மேகாத்து ஊருக்குள்ள புகுந்துட்டு அப்புறந்தான் எங்ககிட்ட வரும். எங்க மேல பட்ட காத்து அவுங்க மேல படக்கூடாதுன்னு கணக்குப் போட்டுத்தான் எங்கள அங்க வச்சிருக்கான்." சிரித்துக்கொண்டே பிஸ்கட் எடுக்கப் போய்விட்டார்.

காற்றை அளக்கிற கதையைக் கேளுங்கள் தோழர்களே. டி.டி.டி., பி.சி.பி., டயாக்சின். இதெல்லாம் லேசில் அழியாத நஞ்சு. உடம்புக் கொழுப்பில் தங்கும், தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கு இறங்கும். இவற்றை ஒழிக்க 2001-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை போட்டார்கள். இந்தியா 2006-ல் ஏற்றுக்கொண்டது. காற்றில் இந்த நஞ்சு எவ்வளவு என்று பார்க்கப் பல நாடுகளில் ஒரு கருவியைத் தொங்கவிடுகிறார்கள். பெயர் பாசிவ் சாம்ப்ளர். எவர்சில்வர் கிண்ணம் ரெண்டு, நடுவில் மெத்தை ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு வட்டத் தட்டு. அவ்வளவுதான். மோட்டார் இல்லை, கரண்ட் வேண்டாம். மூன்று மாதம் போலத் தொங்கினால் காற்றில் வருகிற நஞ்சு ஸ்பாஞ்சில் ஊறும். கழற்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். 2006-07-ல் சென்னை உட்பட ஏழு நகரங்களில் இப்படி அளந்தார்கள். கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது. புகை குடிக்கிற சனத்துக்கு யார் வந்து சொன்னது?

அரசாங்கம் என்ன செய்கிறது? 2009-ல் காற்றுத் தரத்துக்குப் பட்டியல் போட்டது. மொத்தம் 12 பொருள். தூசு உண்டு, ஈயம் உண்டு, பென்சீன் உண்டு. டயாக்சின் இல்லை, பி.சி.பி. இல்லை. பட்டியலில் இல்லாததை வாரியம் அன்றாடம் அளக்காது. அளக்காதது கணக்கில் வராது. கணக்கில் வராத மனுசருக்குக் கணக்கில் வராத விஷம்!

பெருங்குடிக் குப்பைமேட்டை எடுங்கள். அதைச் சுற்றி வாழ்ந்த தாய்மாரின் பாலை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2004-ல் எழுதினார்கள். மற்ற இடத்துப் பெண்களைவிட இவர்கள் பாலில் டயாக்சின் வகை நஞ்சு தெளிவாக அதிகம். மாட்டுப்பால் வழியாக வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. குப்பையில் மேயும் மாடு, அந்தப் பாலைக் குடிக்கும் தாய், அப்புறம் பிள்ளை. நகரத்துக் குடிசைகளைப் பிடுங்கி நம்ம சனத்தைக் கொண்டுபோய்க் கொட்டிய கண்ணகி நகரும் இந்தச் சதுப்புநிலப் பக்கம்தான். குப்பைக்கும் நமக்கும் ஒரே முகவரி. 2022 ஏப்ரலில் அந்த மேடு நாள்கணக்கில் எரிந்தது.

"எரிக்கிறது உங்க பசங்கதானே?" என்று உடனே கேட்பான். ஆமா, வயரை எரிக்கிற பையன் நம்ம பையன்தான். செம்பு கிலோ கணக்கில் விலை போகும், உறையை உரிக்க அவனிடம் மிஷினா இருக்கு? அந்த பி.வி.சி. உறையில் குளோரின், உள்ளே செம்பு. ரெண்டும் சேர்ந்து வெந்தால் டயாக்சின் பிறக்க அதைவிடத் தோதான அடுப்பு வேறில்லை. வயர் யார் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது? அதைக் கேட்கமாட்டான்.

கருவியிலும் குறை இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஆவியாகத் திரிகிற நஞ்சை அது நன்றாகப் பிடிக்கும். தூசில் ஒட்டி வருவதைப் பிடிப்பதில் அத்தனை துல்லியம் இல்லை. டயாக்சினில் பெரும்பகுதி தூசில்தான் ஒட்டும். இன்னொன்று, மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே சராசரிதான் தரும். வயர் எரிந்த பத்து ராத்திரி மூச்சுத்திணறல், எரியாத எண்பது நாளோடு சேர்ந்து கரைந்துபோகும். ஊரையும் சேரியையும் கூட்டி வகுத்துக் 'கிராம வருமானம்' சொல்வானே, அதே சூத்திரம்.

அதனால் தொங்கவிட வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே தொங்குகிறது, யார் கழற்றுகிறார், விடை யார் கைக்குப் போகிறது என்பதுதான் சண்டை. வேதியியல் படிக்கிற நம்ம பிள்ளைகள் இருக்கிறார்கள். கிண்ணமும் ஸ்பாஞ்சும் பெரிய செலவில்லை, ஆய்வுக்கூடத்தில்தான் காசு கரையும். அந்தக் காசை வாரியத்திடம் கேட்டு மனுப் போடுவோம். கொடுங்கையூரில், பெருங்குடியில், கண்ணகி நகர் மொட்டைமாடியில் தொங்கட்டும். விடையைத் தமிழில் எழுதித் தெருவில் ஒட்டட்டும். எந்த இடம், எந்த மாசம் என்று குப்பை பொறுக்குகிற பெண்களைக் கேளுங்கள். எந்த ராத்திரி எரியும்னு அவுங்களுக்குத்தான் தெரியும்.