வலித்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்!



"வலியைத் தாங்குறவன்தான் வீரன்" என்று மைதானத்தில் அடிக்கடி சொல்லிக்கொள்வோம். நானும் அதை நம்பினேன். அதனால்தான் இந்த வருடம் குறுவட்டப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன்.

லீவு முழுக்க சும்மா இருந்துவிட்டு, போட்டிக்கு 3 வாரம் இருக்கும்போது தினமும் சிமெண்ட் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். ஷூவின் அடிப்பாகமும் தேய்ந்து போயிருந்தது. பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் உள் ஓரமாக வலி. டீமிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு வாரத்தில் மாடிப்படி ஏறவே முடியல!

டாக்டர் இதற்கு 'ஷின் ஸ்பிளின்ட்ஸ்' என்று பெயர் சொன்னார். ஓட்டத்தைத் திடீரென்று அதிகமாக்கினால் கால் எலும்பும், அதை மூடியிருக்கும் சவ்வும் தாங்காதாம். இதற்கு ஓய்வுதான் முதல் மருந்து. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 நிமிடம் வைக்கலாம். வலிக்காவிட்டால் சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம். வலி நின்றதும் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், மண் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம்.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுள்ளென்று வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூட அது தெரியாமல் போகலாம். உடனே டாக்டரிடம் போகணும்.

எனக்குச் சரியாக 5 வாரம் ஆச்சு. தப்பு என்னுடையதுதான். ஆனால் யாராவது உட்கார்ந்தால் "நடிக்கிறான்டா" என்று கிண்டல் பண்ணுகிறோமே, அது யார் தப்பு? போன வருடம் நானே ஒருவனை அப்படிச் சொன்னேன். அவனிடம் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சியை ஜூன் மாதமே மெதுவாக ஆரம்பியுங்கள். ஓடுவதற்கு முன்பு "யாருக்காவது வலி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உண்மையைச் சொன்னவனுக்கு டீமில் இடம் போகாது என்று தெரிந்தால் யாரும் மறைக்க மாட்டார்கள்.

முதல் நாளே சொல்லியிருந்தால் ஒருவேளை நானும் ஓடியிருப்பேன். வலியைச் சொல்வது கோழைத்தனம் இல்லை நண்பர்களே, அதற்கும் தைரியம் வேணும்!

– 10 ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்