வெளிச்சம் நமக்கு மட்டுமா?

பழைய கார் வைத்திருக்கும் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "ராத்திரியில் ரோடே தெரியவில்லை சார், எல்.இ.டி. பல்பு மாற்றிவிட்டேன். இப்போது பகல் மாதிரி இருக்கிறது!" அவருக்குப் பகல்தான். எதிரே வருகிறவருக்கு?

நான் பிரெஞ்சு மொழியில் படித்தவன். நாம் 'டிம்' என்று சொல்லும் விளக்கைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கோத்' என்பார்கள். அதற்குச் சட்டத் தொகுப்பு என்று பொருள். எதிரே வண்டி வந்தால் சாலைச் சட்டப்படி போட வேண்டிய விளக்கு என்பதால் அந்தப் பெயர். 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை பிரான்சில் கார் விளக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. எதிராளிக்குக் கண் கூசக்கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. மஞ்சளால் பலன் உண்டா என்பது வேறு விவாதம். அடுத்தவர் கண்ணைப் பற்றி ஒரு சட்டம் கவலைப்பட்டதே, அதுதான் எனக்குப் பிடித்தது.

மாருதி 800 போன்ற பழைய கார்களில் இருப்பது எச்4 ஹாலஜன் பல்பு, 60/55 வாட். உள்ளே இரண்டு இழைகள். டிம் இழைக்குக் கீழே கிண்ணம் போல ஒரு சிறு தகடு இருக்கும். கீழ்ப்பக்க வெளிச்சத்தை அது மறைத்துவிடுவதால்தான் ஒளி மேலே எழும்பாமல் சாலையில் விழுகிறது. ரிப்ளெக்டரின் வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்தே அமைக்கப்பட்டது. அதில் மலிவான எல்.இ.டி.யைச் செருகினால் ஒளி பிறக்கும் இடம் மாறி, நாலாபக்கமும் சிதறும். 100 வாட் பல்பு போட்டாலோ பழைய வயரும் சுவிட்சும் சூடேறிக் கருகும்.

அப்படியானால் இருட்டில்தான் ஓட்டுவதா? வேண்டாம். முதலில் பல்புக்கு வந்து சேரும் மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அது பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரு ரிலே போட்டால் பாதி நோய் தீரும். ரிப்ளெக்டர் மங்கியிருந்தால் விளக்கையே முழுதாக மாற்றுங்கள். பிறகு சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் நடு உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.

வயதான கண்ணில், அதுவும் கண்புரை உள்ள கண்ணில், கூச்சம் அடங்கிப் பார்வை திரும்பக் கூடுதல் நேரம் ஆகும். அந்தச் சில நொடிகளில் சாலையோரம் சைக்கிளில் போகிறவர் நமக்குத் தெரிவதில்லை.

பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும்போது, விளக்கைச் சுவரில் அடித்துப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கட்சி. காலமெல்லாம் கோப்புகளோடு வாழ்ந்த குமாஸ்தா சொல்கிறேன், சில கையெழுத்துகளுக்குப் பின்னால் உயிர் இருக்கிறது.