கனவான் யார்?

கனவான் என்றால் யார்? பண்பு உள்ளவரா, பணம் உள்ளவரா?

இங்கிலாந்தில் "ஜென்டில்மேன்" என்பார்கள். அதைத்தான் தமிழில் கனவான் என்று சொல்லி வந்தார்கள். கேட்டால், நல்ல குணத்தைப் புகழும் சொல் என்று தோன்றும். ஆனால் பிழைப்புக்காகக் கூலி வாங்க வேண்டிய அவசியம் இல்லாதவர் என்பதே அதன் உட்பொருளாக இருந்தது. இதற்குக் கிரிக்கெட்டே சாட்சி!

1806-ம் ஆண்டில் "கனவான்கள்" அணிக்கும் "ஆட்டக்காரர்கள்" அணிக்கும் முதல் பந்தயம் நடந்தது. கூலி வாங்காமல் ஆடியவர் கனவான். கூலி வாங்கியவர் வெறும் ஆட்டக்காரர்!

தனி அறை, தனி வாசல்

இருவரும் ஒரே அணியில் ஆடினாலும் வேற்றுமை போகவில்லை. உடை மாற்றத் தனி அறை. பல மைதானங்களில் தனி வாசல். ஆட்டப் பட்டியலில் கூட, கனவானுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வரும். ஆட்டக்காரருக்குப் பின்னால் வரும். லார்ட்ஸ் மைதானத்தில், டிட்மஸ் என்ற ஆட்டக்காரருக்குத் தலைப்பெழுத்து தவறாக முன்னால் அச்சாகிவிட்டது. உடனே ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்களாம்!

கிரேசும் ஹட்டனும்

சரி, கனவான்கள் பணத்தைத் தொடவே இல்லையா? டபிள்யூ. ஜி. கிரேஸ் புகழ் பெற்ற டாக்டர், கனவான் அணிக்காரர். ஆனால் செலவுத் தொகை, நன்கொடை என்ற பெயரில் கூலிக்காரர்களை விட அதிகமாகவே அவர் சம்பாதித்தார். பட்டம் மட்டும் போகவில்லை.

லென் ஹட்டன் சம்பளத்துக்கு ஆடியவர். 1952-ல் இந்தியாவுக்கு எதிராக இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கினார். 1953-ல் ஆஸ்திரேலியாவை வென்று காட்டினார். ஆனாலும் சொந்த ஊர் யார்க்‌ஷயர் அணியின் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அது கனவானிடமே இருந்தது!

1962-ம் ஆண்டோடு இந்தப் பாகுபாடு ஒழிந்தது. அதன் பின் எல்லோரும் கிரிக்கெட் வீரர்களே.

நம் வழக்கு

சீமை வழக்கத்தைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நம் பேச்சு எப்படி? பங்களாவில் இருப்பவர் என்ன செய்தாலும் "பெரிய மனிதர்", "அவர்". கண்டெடுத்த பணப்பையைத் தேடி வந்து கொடுக்கும் ரிக்‌ஷாக்காரர், "நல்லவன்", "அவன்"! அங்கே தலைப்பெழுத்து செய்த வேலையை, இங்கே ஒற்றை எழுத்து செய்கிறது.

பட்டியலைத் திருத்த அங்கே 150 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நம் நாக்கைத் திருத்த ஒரு நாள் போதாதா?