கிளினிக் கம்ப்யூட்டரில் ஒட்டுக் கேட்பது யார்?

டாக்டரிடம் சொல்வதைச் சிலர் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. அந்த நம்பிக்கையில்தான் வைத்தியத் தொழிலே நடக்கிறது.

அந்த ரகசியம் இப்போது எங்கே இருக்கிறது? பழைய நீள நோட்டில் இல்லை. டோக்கன் கொடுக்கும் மேஜை மேல் உள்ள கம்ப்யூட்டரில் இருக்கிறது!

சென்னையில் தெருவுக்குத் தெரு கிளினிக். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், டோக்கன் போட ஒரு பெண். நோயாளி பெயர், போன் நம்பர், சர்க்கரை அளவு, ஸ்கேன் படம், பாக்கிப் பணம், எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். லேப் ரிப்போர்ட் அதில் வருகிறது. வாட்ஸ்அப் அதில் ஓடுகிறது. கரண்டு பில் அதில் கட்டப்படுகிறது. கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் சீரியலும் அதில்தான்!

வைரஸ் வரக்கூடாது என்று காசு கொடுத்து ஆன்டி வைரஸ் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பிரவுசருக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமியை யாராவது கவனித்தார்களா?

பீரோ சாவி கேட்கிறான்!

குரோம் பிரவுசரில் மேலே வலது பக்கம் புதிர் விளையாட்டுத் துண்டு மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். அதை அமுக்கினால் ஒரு பட்டியல் இறங்கும். பி.டி.எப். பக்கங்களை ஒட்டித் தருவது, வீடியோ இறக்கித் தருவது, தமிழில் டைப் அடிக்க உதவுவது, கூப்பன் தேடித் தருவது என்று வகை வகையாக இருக்கும். இவற்றுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். பிளகின் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் இலவசம்.

போடும்போது பல எக்ஸ்டென்ஷன்கள் ஒரு அனுமதி கேட்கும். எல்லா இணையதளங்களிலும் உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வேண்டும் என்று இருக்கும். படிக்க மட்டும் அல்ல, மாற்றவும்! புதிதாக வேலைக்கு வந்தவர் முதல் நாளே பீரோ சாவியைக் கேட்டால் கொடுப்போமா? இங்கே ஒரே கிளிக்கில் கொடுத்துவிடுகிறோம்.

"நாங்க வச்சிருக்கிற சாப்ட்வேர் ரொம்ப பத்திரமானது சார், எல்லாம் பூட்டித்தான் போகுது" என்று டாக்டர்கள் சொல்வார்கள். உண்மைதான். தகவல் வழியில் போகும்போது பூட்டித்தான் போகிறது. ஆனால் எக்ஸ்டென்ஷன் வழியில் நிற்கவில்லையே! பூட்டைத் திறந்து திரையில் காட்டிய பிறகு, உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறது.

அமெரிக்காவில் சிரித்த சிரிப்பு

இது கற்பனை அல்ல. 2019-ம் ஆண்டு ஜூலையில் சாம் ஜடாலி என்ற ஆராய்ச்சியாளர் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தினார். 8 எக்ஸ்டென்ஷன்கள். அவற்றை வைத்திருந்தவர்கள் சுமார் 40 லட்சம் பேர். அவர்கள் எந்தெந்தப் பக்கத்தைத் திறந்தார்களோ, அந்தப் பக்கங்களின் விலாசத்தை எல்லாம் அந்த எக்ஸ்டென்ஷன்கள் சேகரித்தன. அந்தச் சரக்கைக் காசு கட்டியவர்கள் பார்க்கும்படி ஒரு கம்பெனி கடை விரித்திருந்தது!

விலாசம்தானே, போகட்டும் என்று நினைக்கலாம். அங்கேதான் சூட்சுமம். பல விலாசங்களிலேயே பெயரும் நம்பரும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் சிலவற்றுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. விலாசம் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அப்படி வெளியே வந்தவற்றில் வருமானவரிக் கணக்கு இருந்தது. நோயாளிகளின் பெயரும் அவர்கள் பார்த்த டாக்டர்களின் பெயரும் இருந்தன.

நம்ம ஊர் லேப்புகள் எப்படி ரிப்போர்ட் அனுப்புகின்றன? "உங்கள் ரிப்போர்ட் தயார், இங்கே தொடவும்" என்று ஒரு லிங்க். டோக்கன் பெண் அதைத் திறந்து பிரிண்ட் எடுக்கிறாள். அந்த பிரவுசரில் அப்படி ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தால்? லிங்க் அங்கேயும் போய்விட்டது!

கல்யாணம் நிச்சயமான பெண்ணின் ரத்தப் பரிசோதனை. டி.பி.க்கு மாத்திரை சாப்பிடும் ஓட்டல் தொழிலாளி. தூக்கம் வராமல் மனநல டாக்டரைப் பார்க்கும் பேங்க் கிளார்க். இவர்கள் விஷயம் வெளியே போனால் எந்தக் கம்ப்ளெய்ன்ட் கொடுத்தும் திரும்பி வராது. பணம் போனால் சம்பாதிக்கலாம். பெயர் போனால்?

நல்லவனும் மாறுவான்

"நாங்க போட்டது நல்ல எக்ஸ்டென்ஷன், லட்சம் பேர் வச்சிருக்காங்க" என்பது அடுத்த சமாதானம். 'கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று இருந்தது. திறந்து வைத்த பக்கங்களைத் தூங்க வைத்து, கம்ப்யூட்டர் மந்தமாகாமல் பார்த்துக்கொள்ளும். 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். அதைச் செய்தவர் 2020-ல் கைமாற்றிவிட்டார். வாங்கியவர் யார் என்றே தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் அதில் விஷமம் இருக்கிறது என்று கூகுளே தூக்கி எறிந்தது. கடை கைமாறினால் போர்டு மாறும், தெருவுக்கே தெரியும். எக்ஸ்டென்ஷன் கைமாறினால் ஈ, காக்கைக்குத் தெரியாது.

அதைவிட வேடிக்கை 2024 கிறிஸ்துமசில் நடந்தது. சைபர்ஹேவன் என்ற கம்பெனி. தகவல் திருட்டைத் தடுப்பதே அதன் தொழில்! டிசம்பர் 24-ந் தேதி அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவருக்கு கூகுள் அனுப்பியது போலவே ஒரு பொய் மெயில். அவர் நம்பி அனுமதி கொடுத்தார். அவ்வளவுதான், அந்தக் கம்பெனியின் எக்ஸ்டென்ஷனிலேயே திருட்டுச் சரக்கை ஏற்றி விட்டார்கள். வைத்திருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். ஒரு நாளைக்குள் கண்டுபிடித்து நீக்கினார்கள். ஆனால் எக்ஸ்டென்ஷன்கள் யாரையும் கேட்காமல் தானாகவே புது வெர்ஷனுக்கு மாறிக்கொள்ளும். புது அனுமதி கேட்டால்தான் குரோம் நிறுத்தி வைத்து நம்மைக் கேட்கும். பழைய அனுமதியே பீரோ சாவியாக இருந்தால் எதற்குக் கேட்கப் போகிறது?

"ஓ.டி.பி. இருக்கே சார்!" என்கிறீர்களா? ஓ.டி.பி. வாசலில் நிற்கும் காவலாளி. உள்ளே விட்டபின் ஒரு டோக்கன் கொடுக்கிறான்; அது பிரவுசருக்குள் இருக்கிறது. அந்த டோக்கனையே திருடிக்கொண்டு போனால் காவலாளி சல்யூட் அடித்து உள்ளே விடுவான். கிறிஸ்துமஸ் திருடர்கள் குறி வைத்ததும் அந்த மாதிரி டோக்கன்களைத்தான்.

டோக்கன் பெண் மேல் பாயாதீர்கள்

இதைப் படித்துவிட்டு எந்த டாக்டராவது "ஏம்மா, இதையெல்லாம் யாரு போட்டா?" என்று அந்தப் பெண் மேல் பாய்ந்தால் அது அநியாயம். அவள் என்ன சொல்வாள் தெரியுமா? "ரிப்போர்ட் நாலு பக்கம் தனித்தனியா வருது, ஒண்ணா சேர்த்து அனுப்புன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அதுக்குத்தான் போட்டேன்." சொற்பச் சம்பளத்துக்கு அவள் உங்கள் வேலையைத்தான் செய்திருக்கிறாள். வேலைக்கு வேண்டிய சாமானை நீங்கள் கொடுக்கவில்லை, அவள் தேடிக்கொண்டாள்.

இன்னொன்று, அவள் போடாமலேயே வரும். தன் சொந்த ஜிமெயிலில் குரோமுக்குள் நுழைந்து சிங்க் செய்தாள் என்றால், வீட்டுக் கம்ப்யூட்டரில் தம்பி போட்டு வைத்த எக்ஸ்டென்ஷன் எல்லாம் கிளினிக்குக்கும் வந்து சேரும்!

ஊசி போட்டால் சிரிஞ்சை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்று நர்சுக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு அப்படி யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கிளினிக் டாக்டருடையது. பொறுப்பும் அவருடையதே.

வழி இருக்கிறது, செலவும் இல்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் எட்ஜ் என்ற பிரவுசர் கூடவே வருகிறது. நோயாளி விஷயம், லேப் லிங்க், வாட்ஸ்அப், பேங்க் ஆகியவற்றுக்கு ஒரு பிரவுசர். மற்ற வேலைக்கு, சீரியல் உட்பட, இன்னொன்று. முதல் பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன்கூடக் கூடாது. ஒன்றில் உள்ள எக்ஸ்டென்ஷன் மற்றதை எட்டிப் பார்க்க முடியாது. அந்த பிரவுசரில் யாருடைய சொந்த ஜிமெயிலும் நுழையக்கூடாது. ஏதாவது ஒன்று இருந்தே தீரவேண்டும் என்றால், அமுக்கினால் மட்டும் வேலை செய்கிற மாதிரி அதன் அனுமதியைக் குறுக்கிவிடலாம்.

சொன்னால் மட்டும் போதுமா? மறுநாளே யாராவது போட்டுவிடுவார்கள். எக்ஸ்டென்ஷன் போட அட்மின் பாஸ்வேர்டுகூட வேண்டாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால், அனுமதித்தவை தவிர எதையும் போட முடியாதபடி பிரவுசரையே தடுத்து வைக்க வசதி உண்டு. விஷயம் தெரிந்த கம்ப்யூட்டர் ஆளுக்கு அது சில நிமிட வேலை.

சந்தேகமான எக்ஸ்டென்ஷனைக் கண்டால் நீக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. திருடன் கையில் டோக்கன் இருக்கிறதே! எல்லாக் கணக்குகளிலும் எல்லா இடத்திலிருந்தும் வெளியேற வேண்டும். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களைத் துண்டிக்க வேண்டும். பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரில் இருந்து மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால் தாமதம் இல்லாமல் 1930-க்குப் போன்.

ரூ.250 கோடி!

மத்திய அரசின் தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. 2025 நவம்பரில் விதிகளும் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்தார்கள். தகவலைப் பாதுகாக்கத் தக்க ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். தெருமுனை டாக்டரிடம் அவ்வளவு கேட்க மாட்டார்கள். ஆனால் சட்டம் கை காட்டுவது தகவலை வைத்திருப்பவரை. டோக்கன் பெண்ணை அல்ல.

கிளினிக் சாப்ட்வேர் விற்கும் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. வருடா வருடம் பராமரிப்புப் பணம் வாங்குகிறீர்கள். காலாவதி தேதியை மறக்காமல் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறீர்கள். உங்கள் ஆள் வந்து பிரிண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அந்தப் புதிர்த் துண்டையும் அமுக்கிப் பார்த்து, இருப்பதை ஒரு காகிதத்தில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கினால் என்ன? இந்திய மருத்துவச் சங்கத்தின் கிளைகள் தங்கள் கூட்டத்தில் ஒரு அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் என்ன?