வெண்டிச் செடிக்கு மருந்து வேண்டாம்



வெண்டி போடாத தோட்டத்து வீடு குறைவு. எப்படி நடுவது என்று உங்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. அதற்கு மருந்தடிப்பது பற்றித்தான் இம்மாதம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெண்டிப் பூ காலையில் விரிந்து மாலைக்குள் வாடிவிடும். அதிலிருந்து ஐந்தாறு நாளில் காய் விரல் நீளம் வந்துவிடுகிறது. அப்போதே பறித்தால்தான் கறிக்கு ஆகும். விட்டால் நார் ஓடிவிடும். செடியும் புதுக் காய் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று அடித்த பூச்சி மருந்து நாளை மறுநாள் சட்டியில்! அடித்தபின் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று மருந்துப் போத்தலில் போட்டிருக்கும். வெண்டிக்காய் அத்தனை நாள் பிஞ்சாகவே காத்திருக்குமா? கணக்கு நன்றாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, செடியிலிருந்து பறித்துப் பச்சையாகவே மெல்லும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. (கணக்கு வந்தபாடில்லை.)

கொழுந்தில் அசுவுணி மொய்த்தால் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாக அடியுங்கள். போகாவிட்டால் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர். இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த நோய். அதைத் தீர்க்க மருந்தே இல்லை, பிடுங்கி எறியுங்கள். வேரில் முடிச்சு கண்டால் அடுத்த முறை அங்கே செண்டுமல்லி போடுங்கள். சாமிக்கும் ஆகும்.

இன்னொன்று. களை மருந்து வந்த டின்னைக் கழுவிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவோ, தண்ணீர் பிடித்து வைக்கவோ வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். பாராகுவாட் மருந்தை நம் நாட்டில் 2002இல் தடுத்தார்கள், 2006இல் மீண்டும் விட்டார்கள், 2020 ஜனவரி 1 முதல் அடியோடு தடை செய்தார்கள். பழைய டின் இன்னும் எந்த மூலையிலாவது கிடக்கலாம். ஒரு மிடறு உள்ளே போனாலும் நுரையீரலைக் கெடுத்து உயிரை வாங்கும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. வீட்டுக்காரரிடம் இன்றே சொல்லி, மருந்து ஸ்டோரில் ஒப்படைக்கச் செய்யுங்கள்.

சமையலுக்கு வருவோம். கழுவித் துடைத்து, ஈரம் போனபிறகு நறுக்குங்கள், வழவழப்பு குறையும். மீன் கறிக்கு என்றால் காம்பை மட்டும் சீவி, புளி கொதித்தபின் முழுசாகப் போடுங்கள். மலாய்க்காரர்கள் வெந்நீரில் லேசாக அவித்து, சம்பால் பிளாச்சான் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். எண்ணெய்ச் செலவே இல்லை.

நல்ல செடி ஒன்றில் இரண்டு காயை மட்டும் முற்றவிடுங்கள். செடியிலேயே காய்ந்ததும் விதையெடுத்து வையுங்கள். ஊன்றுவதற்கு முந்திய இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் சீக்கிரம் முளைக்கும்.